கப்பலுக்குப் போன மல்லாட்டை

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே நிலக்கடலை என்று சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்களுக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை வாயில் உருண்டு உருண்டு அப்படி ஆகியிருக்கிறது. களத்தில் உட்கார்ந்து காய் உடைக்கும்போது ஆயா இரண்டு குவியல் போடுவார். திரண்ட பருப்பு ஒரு பக்கம், சூம்பல் இன்னொரு பக்கம். திரண்டதைக் காட்டி, "இது கப்பலுக்குப் போகிற கொட்டை" என்பார். கப்பல் நின்று பல காலம் ஆகியிருந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. ஐந்தாறு வயதில் நான் கப்பல் என்பதை மல்லாட்டை தின்று வாழும் ஒரு பெரிய பிராணி என்றே நினைத்திருந்தேன்.

ஆயாவின் அப்பா மூட்டைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குப் போவாராம். அங்கிருந்து எங்கே போகும் என்று கேட்டால் "பிரான்சு தேசத்துக்கு" என்று பதில் வரும். அங்கே அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டால், "அவர்கள் ஊரில் விளையாதாம், பாவம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

மூட்டைகள் போய்ச் சேர்ந்த ஊரை நான் பார்த்தது ஐம்பது வயதைக் கடந்த பிறகு. மார்சேய்.

பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். சேன் ஷார்ல் ரயில் நிலையம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் 104 படிகள் கொண்ட அகலமான படிக்கட்டு ஊருக்குள் இறங்குகிறது. எதிரே தெற்கில், குன்றின் உச்சியில், பொன்முலாம் பூசிய மாதா குழந்தையை ஏந்தி நிற்கிறார். எல்லோரும் அங்கே நின்று மாதாவைப் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன். பிறகு இறங்கும்போதுதான் படிக்கட்டை ஒட்டி இருக்கும் இரண்டு கல் பெண்களைப் பார்த்தேன். சாய்ந்து படுத்திருக்கிறார்கள். ஒருத்திக்குப் பெயர் 'ஆசியக் குடியேற்ற நாடுகள்', மற்றவளுக்கு 'ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகள்'. 1920களில் செதுக்கியது. தன் வரவுக் கணக்கை இவ்வளவு வெளிப்படையாக வாசலில் எழுதி வைத்த ஊரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மார்சேய் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பதில்தான் உண்டு: அங்கே சேறு இல்லை. ரோன் ஆறு பிரான்ஸின் பாதி வண்டலை அள்ளிக்கொண்டு வந்து மத்தியதரைக் கடலில் கொட்டுவது போலிருக்கும்; ஆனால் அந்த முகத்துவாரம் மார்சேய்க்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது. கரையோர நீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்காக ஓடுவதால் வண்டல் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆற்றுக்குப் பக்கத்தில், ஆனால் ஆற்றின் அழுக்கு எட்டாத தூரத்தில், சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து செய்த ஒரு நீண்ட குடா. லாசிடோன் என்று பழங்காலக் கிரேக்கர்கள் அதை அழைத்தார்கள். இன்று அது பழைய துறைமுகம். மூன்று பக்கமும் மொட்டை மலைகள், மண் ஆழமில்லை, தண்ணீர் குறைவு. வடமேற்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று வீசத் தொடங்கினால் நாள் கணக்கில் விடாது. நான் போன இரண்டாம் நாள் வீசியது. வெயில் கண்ணைக் கூசுகிறது, ஆனால் காதுக்குள் ஊசி. இப்படிப்பட்ட நிலத்தில் உழுது பிழைக்க முடியாது. கடலைத்தான் உழ வேண்டும்.

உழுதவர்கள் கி.மு. 600 வாக்கில் வந்தார்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த போக்கேயா என்ற கிரேக்க நகரத்து வணிகர்கள். உள்ளூர் அரசன் மகளுக்குத் திருமணம் நடக்கும் நாளில் கப்பல் கரை தட்டியதாம். அவள் தான் விரும்பும் மாப்பிள்ளையின் கையில் கிண்ணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அவள் உள்ளூர் இளைஞர்களை விட்டுவிட்டு வந்த கிரேக்கனிடம் கொடுத்துவிட்டாளாம். வந்தேறிகள் எழுதும் வரலாற்றில் உள்ளூர்ப் பெண் எப்போதும் இப்படித்தான் கிண்ணத்தை நீட்டுகிறாள். எப்படியோ, மசாலியா என்ற பெயரில் ஊர் வளர்ந்தது. கி.மு. நான்காம் நூற்றாண்டில் இங்கிருந்து புறப்பட்ட பைதியஸ் பிரிட்டன் வரை கடலோடிவிட்டு வந்தார். கி.மு. 49இல் ரோமத் தளபதிகளான சீசருக்கும் பாம்பேயுக்கும் நடந்த சண்டையில் தோற்கிற பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, முற்றுகையில் விழுந்தது. சீசர் ஆதரவு காட்டியது ரோன் ஆற்றங்கரையில் இருந்த ஆர்லுக்கு. அதன்பின் பல நூற்றாண்டுகள் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய துறைமுகத்தின் வாயிலில் இரண்டு கோட்டைகள் இருக்கின்றன. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. பதினான்காம் லூயி 1660இல் இங்கே படையோடு நுழைந்த பிறகு தெற்குக் கோட்டையைப் புதிதாகக் கட்டி, வடக்குக் கோட்டையைப் பலப்படுத்தினார். அவற்றின் பீரங்கிகள் கடலைப் பார்த்ததைவிட ஊரைத்தான் அதிகம் பார்த்தன. அவ்வளவு நம்பிக்கை. ஆனால் அடக்கிய கையோடு கொடுக்கவும் செய்தார்கள். 1669இல் அமைச்சர் கோல்பேரின் ஆணையால் மார்சேய் சுங்கமற்ற துறைமுகம் ஆனது. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வரும் சரக்கு வேறு துறைமுகம் வழியாகப் பிரான்ஸுக்குள் நுழைந்தால் 20 சதவீதம் வரி. அதாவது, வருவதெல்லாம் இங்கே வா.

1720 மே 25ஆம் நாள் வந்தது ஒரு கப்பல். பெயர் கிரான் சேன்த் அந்துவான். சிரியா, லெபனான் கரைகளிலிருந்தும் சைப்பிரஸிலிருந்தும் பட்டும் பஞ்சும் ஏற்றியது. வழியிலேயே மாலுமிகள் பலர் செத்திருந்தார்கள், கப்பல் மருத்துவர் உட்பட. நோய்க் கப்பல்களை எப்படி நடத்த வேண்டும் என்பதில் மார்சேய் ஐரோப்பாவுக்கே ஆசானாக இருந்த ஊர். தீவில் நிறுத்திக் காற்றாட வைக்கும் விதிமுறைகள் எல்லாம் எழுத்தில் துல்லியமாக இருந்தன. ஆனால் ஜூலையில் போகேர் ஊரின் பெரிய வணிகச் சந்தை; சரக்கு அதற்குள் போய்ச் சேர வேண்டும். சரக்கில் பங்கு வைத்திருந்தவர்களில் நகர ஆட்சியின் முதல் உறுப்பினரும் ஒருவர். சரக்கு தீவுக்குப் போகாமல் ஊரை ஒட்டிய தனிமைக் கிடங்குக்கு வந்தது. அங்கிருந்து துணி கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரேறிக் குதித்தது. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த ஊரில் 40,000க்கும் மேற்பட்டோர் இரண்டு ஆண்டுகளுக்குள் பிளேக்கில் மடிந்தார்கள். கடலோரத் திறந்தவெளி ஒன்றில் வாரக்கணக்கில் அழுகிக் கிடந்த பிணங்களை அகற்றக் கப்பல் துடுப்படிமைகளைக் கொண்டுவந்தார்கள். கப்பலை எரித்தார்கள். கப்பல் தலைவரை இஃப் தீவுக் கோட்டையில் அடைத்தார்கள். சரக்கின் பங்குதாரர்கள் யாரும் சிறைக்குப் போகவில்லை. அந்தக் கோட்டைக்கு இப்போது படகு ஓடுகிறது. மிஸ்த்ரால் வீசினால் டிக்கெட் எடுத்தாலும் படகு கிடையாது, எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களுக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு என்று பிரான்ஸ் முழுக்கக் கேலி செய்வார்கள். அதற்கு ஆதாரமாகச் சொல்வது, 'சார்டின் மீன் வந்து மார்சேய் துறைமுகத்தை அடைத்துக்கொண்ட' கதை. நம் ஊர்ச் சாளைதான் சார்டின். ஆனால் அடைத்தது மீன் அல்ல, 'சார்த்தின்' என்ற கப்பல். கடற்படை அமைச்சர் ஒருவரின் பெயர் அது. 1780 மே மாதம் துறைமுக வாயிலில் மூழ்கி வழியை மறித்தது. இதில் எனக்குச் சுவாரசியமானது மூழ்கியது அல்ல, அது எங்கிருந்து வந்தது என்பதுதான். 1778இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கைதான பிரெஞ்சுப் படையினரை நாடு திரும்ப ஏற்றி வந்த கப்பல் அது. வழியில் போர்த்துகல் கரைக்கு அப்பால் ஓர் ஆங்கிலேயக் கப்பல் சுட்டதில் பழுதாகி, தள்ளாடி வந்து, வீட்டு வாசற்படியில் விழுந்துவிட்டது. இரண்டரை நூற்றாண்டாக ஊரைச் சிரிக்க வைக்கும் நகைச்சுவையின் ஒரு நுனி புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிறது என்பதை அங்கே மீன் விற்ற அம்மாளிடம் என் அரைகுறைப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, மீன் வாங்குகிறீர்களா இல்லையா என்றார்.

காலையில் அந்தத் துறைமுக முகப்பில் மீன் விற்பவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டிகளில் உயிரோடு நெளிகிற மீன். பக்கத்திலேயே கண்ணாடிபோல் மின்னும் எஃகுக் கூரைப் பந்தல் ஒன்று; அண்ணாந்து பார்த்தால் நாமே தலைகீழாக நடக்கிறோம். அங்கிருந்து கிழக்கே ஏறும் பெருந்தெருவுக்குக் கனபியேர் என்று பெயர். சணலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கப்பல் கயிறு திரித்த இடம். வடக்கே பனியே, அதாவது கூடை என்ற பெயருள்ள பழைய குடியிருப்பு. இன்று சுவரோவியமும் ஐஸ்கிரீமும். அதன் கீழ்ப்பகுதி இருந்த இடத்தில் 1943 பிப்ரவரியில் ஜெர்மன் படை 1,500 கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தது. அதற்கு முன் ஏறத்தாழ இருபதாயிரம் பேரை வெளியேற்றினார்கள், பிரெஞ்சுக் காவல்துறையின் துணையோடு.

இனி மல்லாட்டைக்கு வருகிறேன்.

மார்சேயின் சோப்புக்குப் பழைய சட்டம் 1688ஆம் ஆண்டினுடையது. ஆலிவ் எண்ணெய் தவிர வேறு கொழுப்புச் சேர்க்கக் கூடாது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சோப்புக் காய்ச்சக் கூடாது, வெயிலில் தரம் கெடும். காரத்துக்கு உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல். நம் வண்ணார்கள் உவர்மண்ணில் வெளுத்த அதே வேதியியல்தான். 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் மாறின. உப்பிலிருந்து சோடா எடுக்கும் லெப்லான் முறை வந்ததும் செடிச் சாம்பல் போயிற்று. அந்த ஆலைகளின் அமிலப் புகைக்கு ஊருக்குள் இடம் கொடுக்க முடியாமல் தெற்கே கலாங்க் என்று சொல்லப்படும் பாறைக் குடாக்களில் கொண்டுபோய் வைத்தார்கள். இன்று அந்த இடம் தேசியப் பூங்கா. நீலத் தண்ணீரைப் பார்க்க வருகிறவர்களின் செருப்புக்கடியில் பழைய உலைகளின் ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் கிடக்கின்றன.

ஆலிவும் போதவில்லை. துணி ஆலைகள் பெருகின, நகரங்கள் பெருகின, உலகம் குளிக்கவும் துவைக்கவும் தொடங்கியிருந்தது. மலிவான எண்ணெய் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பனை எண்ணெயும் வேர்க்கடலையும், தென் கடல்களிலிருந்து கொப்பரைத் தேங்காயும், இந்தியாவிலிருந்து எள்ளும் மல்லாட்டையும் வரத் தொடங்கின. 1850களுக்குப் பிறகு தென்னாற்காட்டுச் செம்மண்ணில் கம்பும் வரகும் இருந்த இடத்தில் மல்லாட்டை ஏறியதற்கு மார்சேயில் சோப்புக் காய்ச்சிய கொப்பரைகள் முக்கியக் காரணம். 1879இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் பாதை வந்தது, மூட்டைகள் இன்னும் வேகமாக ஓடின. புதுச்சேரியில் கப்பல் ஒதுங்கும் துறை கிடையாது. மூட்டைகளைச் சலங்கு என்ற படகில் ஏற்றி, அலை தாண்டி, நங்கூரமிட்ட கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் மார்சேய் கிட்டே வந்துவிட்டது.

இங்கே ஒரு விஷயம். செனகல் கடலை தோலோடு போனது. நம்முடையது உடைத்த பருப்பாகப் போனது. தோலுக்கும் சேர்த்துக் கப்பல் வாடகை கொடுக்க யாருக்கும் மனமில்லை. அதுவும், சீக்கிரம் உடைபடுவதற்காகக் காயில் தண்ணீர் தெளித்து, ஊறியபின் தடியால் அடித்து உடைத்தார்கள். ஈரப் பருப்பு செங்கடல் வெக்கையில் வாரக்கணக்கில் கிடந்தால் என்ன ஆகும்? சிக்கெடுத்துப் போகும். அதனால் செனகல் எண்ணெய் சாப்பாட்டு மேசைக்கும், சோழமண்டலக் கரையின் எண்ணெய் பெரும்பாலும் சோப்புக்கும் போயின. ஆயா பொறுக்கிக் காட்டிய திரண்ட பருப்பை அங்கே யாரும் வாயில் போடவில்லை. துணி துவைத்தார்கள்.

எண்ணெயாக ஆட்டி அனுப்பாமல் பருப்பாகவே அனுப்பியதில் இன்னொன்றும் போனது: புண்ணாக்கு. மார்சேய் ஆலைகள் அதைப் பிரெஞ்சு மாடுகளுக்கும் வயல்களுக்கும் விற்றன. நம் மாடு நம் புண்ணாக்கைத் தின்று நம் வயலுக்குச் சாணம் போட வேண்டிய சுழற்சி அறுந்தது. அந்தக் காலத்து இந்தியப் பொருளியலாளர்கள் இதை எழுதியிருக்கிறார்கள். 1890களின் பிற்பகுதியில் தென்னாற்காட்டில் மல்லாட்டை நோய் தாக்கி விளைச்சல் படுத்தது. பிறகு வெளியிலிருந்து மொரீசியஸ் ரக விதை வந்துதான் மீண்டது. அந்த இடைப்பட்ட சில ஆண்டுகளில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் என்ன சாப்பிட்டன என்பதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

வடக்கே ஜொலியெத் துறையில், 1860களில் முடிந்த ஒரு சரக்குக் கிடங்கு இருக்கிறது. நீளம் 365 மீட்டர். இப்போது உள்ளே கடைகளும் அலுவலகங்களும். பளபளப்பாக இருக்கிறது, காபி விலை அதிகம். மூட்டை தூக்கிய ஊர் என்பதற்கு ஒரு வாசனைகூட மிச்சமில்லை. எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை.

மாறாக, சோப்புப் பட்டறை ஒன்றில் அரை நாள் இருந்தேன். பெரிய கொப்பரையில் எண்ணெயும் காரமும் கொதிக்கின்றன. உப்புத் தண்ணீர் விட்டு அதிகக் காரத்தைக் கழுவி இறக்குகிறார்கள். மறுபடி கொதி, மறுபடி கழுவல். முடிய பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதம் பார்க்கும் மூத்தவர் ஒரு துளியை எடுத்து நாக்கில் வைக்கிறார். சுள்ளென்று கடித்தால் காரம் இன்னும் இருக்கிறது. எங்கள் ஊரில் வெல்லம் காய்ச்சுகிறவர் பாகைப் பார்ப்பதுபோல அவ்வளவு சாதாரணமாக. பிறகு தரையில் ஊற்றிப் பரப்பி, ஆறவிட்டு, கட்டிகளாக அறுத்து, 72 சதவீதம் எண்ணெய் என்று ஆறு பக்கமும் முத்திரை. பச்சைக் கட்டி என்றால் ஆலிவ், வெளிறிய கட்டி என்றால் பனை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும். வேர்க்கடலை எண்ணெய் சேர்ப்பதுண்டா என்று கேட்டேன். அதெல்லாம் தாத்தா காலம் என்றார். பழைய முறையில் காய்ச்சுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். 'மார்சேய் சோப்பு' என்பது ஒரு செய்முறையின் பெயரே தவிர ஊருக்குச் சொந்தமான பெயர் அல்ல. துருக்கியிலும் சீனாவிலும் செய்ததும் அதே பெயரில் அதே ஊர்க் கடைத்தெருவில் விற்கிறது.

இந்தத் துறைமுகத்தில் இறங்கிய இந்தியர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1910 ஜூலை 8ஆம் நாள் சாவர்க்கர் 'மோரியா' கப்பலின் கழிவறைச் சாளரம் வழியாகக் குதித்து நீந்திக் கரையேறி, பிடிபட்டது இங்கேதான். 1914 செப்டம்பர் இறுதியில் முதல் உலகப் போருக்காக இந்தியப் படையினர் வந்திறங்கியதும் இங்கேதான்; ஊரின் தெற்கே மசார்க் போர்க் கல்லறையில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. நான் போனபோது தோட்டக்காரர் தவிர யாரும் இல்லை.

அல்ஜீரியா 1962இல் விடுதலை அடைந்தது. அந்தக் கோடையில் அங்கிருந்த ஐரோப்பியர்கள் இலட்சக்கணக்கில் இதே துறைமுகத்தில் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். குடியேற்ற நாடுகளின் மலிவுச் சரக்கு நின்றது, சலவைத்தூள் சோப்பைத் தின்றது, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. எண்ணெய்ச் சுத்திகரிப்பும் எஃகும் மேற்கே ஃபோஸ் கரைக்குப் போயின, ரோன் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில். கிரேக்கர்கள் ஒதுக்கிய அந்த வண்டல் சமவெளியைத்தான் நவீனக் கப்பல்கள் கேட்டன. மார்சேய்-ஃபோஸ் இன்றும் பிரான்ஸின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று, ஆண்டுக்கு 7 கோடி டன் அளவில் சரக்கு. ஆனால் வேலை அங்கே, ஊர் இங்கே. உலகின் முதல் சில கன்டெய்னர் நிறுவனங்களுள் ஒன்றான சி.எம்.ஏ. சி.ஜி.எம்.மின் கண்ணாடிக் கோபுரம் இங்கே நிற்கிறது. அதிலிருந்து நடக்கும் தூரத்தில், பிரான்ஸின் மிக ஏழ்மையான பகுதிகளுள் ஒன்றான 3ஆம் வட்டாரம். 2018 நவம்பர் 5ஆம் நாள், பழைய துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் ஓபாஞ் தெருவில் பாழடைந்த கட்டடங்கள் இடிந்து விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அந்தத் தெரு முனையில் நுவாய் சந்தை. கொமோரோ தீவுகள், துனிசியா, அல்ஜீரியா, செனகல் என்று எல்லா ஊர் முகமும் இருக்கிறது. மூட்டையில் வறுத்த மல்லாட்டை விற்றார்கள். தோலோடு. கொஞ்சம் வாங்கித் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நம்முடையதில் எண்ணெய் அதிகம்.

கடைசி நாள் துறைமுகச் சுவரில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சோப்புக் கட்டியின் படத்தை அனுப்பினேன். மார்சேய் இன்று மூட்டைகளைவிட அதிகமாகத் தகவலை இறக்குகிறது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் கடலடிக் கம்பிகள் பலவும் கரையேறும் இடம் இது. 2005இல் இயங்கத் தொடங்கிய சீ-மீ-வீ 4 கம்பியில் சென்னையும் கொழும்பும் மார்சேயும் ஒரே சரத்தில் இருக்கின்றன. சூயஸ், செங்கடல் என்று ஏறத்தாழ அந்தக் கப்பல் போன பாதைதான். 2008 ஜனவரியில் அலெக்சாந்திரியா அருகே அது அறுந்தபோது நம் ஊரில் இணையம் தவழ்ந்தது நினைவிருக்கலாம். என் படம் எந்தக் கம்பியில் போனதோ, நான் பையை மூடுவதற்குள் போய்விட்டது.

ஆயாவின் மல்லாட்டை இதற்குத்தான் கப்பலேறியது என்றும் எழுதியிருந்தேன். சற்று நேரம் கழித்து அம்மாவின் பதில் வந்தது.

"துணிக்கா, குளிக்கவா?"